வாத்தியாருக்கு வாத்தியார் யார்?

தொடக்கப் பள்ளி ஆசிரியர் பயிற்சியில் குழந்தைகள் நடத்தும் பாடங்கள்

"ஒண்ணாங் கிளாசுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க ரெண்டு வருஷப் படிப்பா? அ, ஆ, இ, ஈ உனக்குத் தெரியாதா, என்ன?"

ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பம் வாங்கி வரும் பெண்ணை, வீட்டில் ஒரு சித்தப்பாவோ மாமாவோ இப்படிக் கேட்காமல் விடுவதில்லை. கேள்வியில் நியாயம் இருப்பது போலத்தான் தோன்றும். பத்தாம் வகுப்புக் கணக்கு என்றால் சரி. ஒன்றும் இரண்டும் மூன்று என்று சொல்லித் தர என்ன பயிற்சி வேண்டிக் கிடக்கிறது?

பயிற்சியை முடித்து வந்தவர்களிடம் இதைக் கேட்டால் வாய்விட்டுச் சிரிக்கிறார்கள். முதல் நாள் வகுப்புக்குள் நுழைந்தபோது, பாடம் நடத்தப் போவது தாங்கள்தான் என்று எண்ணியிருந்தார்களாம். நடத்தியவர்களோ எதிரே உட்கார்ந்திருந்த வாண்டுகள்!

மும்பையில் பிழைக்க வந்த தமிழர் வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் வகுப்பு என்றால் இந்தப் பாடங்களுக்கு இன்னும் சுவை கூடும். வேடிக்கையான பாடங்கள்தான். ஆனால் ஒரு பிள்ளையின் படிப்பு நிலைக்குமா, நடுவில் நின்று போகுமா என்ற கேள்வியும் அந்த வேடிக்கைக்குள்ளேயே இருக்கிறது.

என்ன படிப்பு இது?

பிளஸ் டூ முடித்தவர்கள் சேரும் இரண்டாண்டுப் பட்டயப் படிப்பு இது. முன்பு மகாராஷ்டிரத்தில் டி.எட். என்றார்கள். இப்போது நாடெங்கும் டி.எல்.எட். என்ற பெயரே வழங்குகிறது. குழந்தைகளின் மனம், மொழி கற்பிக்கும் முறை, கணக்கு, சூழ்நிலையியல், ஓவியம், விளையாட்டு எல்லாம் இதில் உண்டு. தேசிய ஆசிரியர் கல்விக் குழு 2014-ல் வகுத்த விதிப்படி, 20 வாரங்கள் பள்ளிக்கூடத்துக்கே போய்ப் பழக வேண்டும். அதில் நான்கு வாரம் வகுப்பைக் கவனிக்க. பதினாறு வாரம் தாமே பாடம் நடத்த.

சிறு பிள்ளைகளுக்குக் கற்பிப்பது தனி வித்தை என்பதை உச்ச நீதிமன்றமே ஒப்புக் கொண்டிருக்கிறது. பட்டப் படிப்புக்கு மேல் பி.எட். முடித்தவர்களும் தொடக்கப் பள்ளி ஆசிரியராகலாம் என்று 2018-ல் ஓர் அறிவிப்பு வந்தது. அது செல்லாது என்று 2023 ஆகஸ்ட் 11-ந் தேதி தீர்ப்பாயிற்று. பெரிய பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தப் படித்தவர், அந்தப் படிப்பைக் கொண்டே சிறு பிள்ளைகளுக்கும் நடத்திவிட முடியாது என்பதே தீர்ப்பின் சாரம். சித்தப்பாவுக்கு இதைவிட நல்ல பதில் கிடைக்காது!

கால அட்டவணையும் கவிழ்ந்த வண்டியும்

பயிற்சியில் முதலில் கைக்கு வருவது பாடக் குறிப்பேடு. ஒரு பாடவேளைக்கு இன்ன நிமிஷம். ஆயத்தப்படுத்த ஐந்து நிமிஷம், படம் காட்ட ஐந்து நிமிஷம், கேள்வி கேட்கப் பத்து நிமிஷம் என்று கட்டம் போட்டு எழுத வேண்டும். ரயில்வே கால அட்டவணை தோற்றது!

இந்தக் குறிப்பை வைத்துக்கொண்டு முதலில் சக மாணவிகளிடமே நடத்திப் பார்க்கிறார்கள். இதற்கு நுண்ணிலைக் கற்பித்தல் என்று பெயர். 1960-களில் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக் கழகத்தில் பிறந்த முறை. ஐந்து பத்து நிமிஷப் பாடம். கூடப் படிக்கும் தோழிகள் குழந்தைகளாக நடிப்பார்கள். "இது என்ன நிறம்?" என்றால் ஒரே குரலில் "சிவப்பு!" என்பார்கள். பாடம் எண்ணெய் போட்ட சக்கரம் மாதிரி ஓடும்.

அதே பாடத்தை உண்மையான இரண்டாம் வகுப்பில் நடத்தும்போதுதான் வண்டி தடம் புரள்கிறது. "இது என்ன நிறம்?" என்று கேட்டு முடிப்பதற்குள், "டீச்சர், இவன் என் பென்சிலை எடுத்துட்டான்!" என்று ஒரு குரல். "டீச்சர், ஒண்ணுக்கு!" என்று இன்னொன்று. ஒருவன் போனால் பின்னாலேயே ஆறு பேர். மூன்றாவது பெஞ்சுப் பையன் சன்னலுக்கு வெளியே காக்கையைப் பார்க்கிறான். பிறகு வகுப்பே காக்கையைப் பார்க்கிறது. குறிப்பேட்டில் காக்கைக்கு நிமிஷம் ஒதுக்கவில்லை.

அங்கே கையைப் பிசைபவர் பாதிப் பயிற்சி பெற்றவர். குறிப்பேட்டை மூடிவிட்டு, "காக்கா என்ன நிறம்?" என்று கேட்கிறாரே, அவர்தான் தேறினார்.

மீசை வைத்த அம்மா

இந்தச் சங்கடம் இன்றைக்கு முளைத்ததல்ல. குஜராத்தில் வக்கீல் தொழிலை விட்டுவிட்டுக் குழந்தைகளிடம் வந்தவர் கிஜுபாய் பதேகா. பாவ்நகரில் 1920-ல் பால மந்திர் என்ற குழந்தைகள் பள்ளியைத் தொடங்கினார். குழந்தைகளிடம் அவர் காட்டிய பரிவைப் பார்த்து ஊரார் வைத்த பெயர்தான் "மீசை வைத்த அம்மா." அவர் 1931-ல் எழுதிய "திவாஸ்வப்ன" என்ற கதை தமிழிலும் "பகற்கனவு" என்ற பெயரில் வந்திருக்கிறது.

அதில் ஓர் ஆசிரியர் புதிய முறையில் கற்பிக்கிறேன் என்று அனுமதி வாங்கிக்கொண்டு நாலாம் வகுப்புக்குப் போகிறார். முதல் நாள் மௌன விளையாட்டு ஒன்றைத் திட்டமிட்டு வைத்திருக்கிறார். பிள்ளைகளோ விதவிதமாகச் சத்தம் போட்டு அதைக் குலைத்து விடுகிறார்கள். திட்டம் தவிடுபொடி! மறுநாள் அவர் கையில் எடுப்பது ஒரு கதை. அவ்வளவுதான், வகுப்பு அவர் பின்னால் வந்து விடுகிறது.

ஆசிரியர் பயிற்சி மாணவர்கள் இந்தக் கதையைப் படித்துவிட்டு, "நமக்கு மட்டுமல்ல!" என்று பெருமூச்சு விடுகிறார்கள்.

சுண்ணாம்புக் கட்டியும் தொண்டையும்

சில்லறை வித்தைகளும் உண்டு. அவை எந்தப் புத்தகத்திலும் இல்லை. பழைய டீச்சர்கள் போகிற போக்கில் சொல்லிக் கொடுப்பவை.

புதுச் சாக்பீஸ் கரும்பலகையில் கிறீச்சிடும். இரண்டாக உடைத்துவிட்டால் சத்தம் நின்று விடும். எழுதும்போது வகுப்புக்கு முதுகைக் காட்டக் கூடாது. பக்கவாட்டில் நிற்க வேண்டும். முழு முதுகையும் காட்டினால் பின்னால் ஒரு சின்ன திருவிழாவே நடந்து முடிந்திருக்கும். புதிதாக எழுதுகிறவரின் வரி இடது பக்கம் தரையில் தொடங்கி, வலது பக்கம் மலையேறும். அதைப் பார்த்து எழுதும் பிள்ளைகளும் தலையைச் சாய்த்துக்கொண்டு அதே மலையை ஏறுவார்கள்.

அடுத்தது தொண்டை. முதல் வாரம் பயிற்சி ஆசிரியைகள் எல்லாருக்கும் குரல் கம்மிப் போகும். வகுப்பு கத்தக் கத்த இவர்களும் கத்துவார்கள். இரண்டாவது வாரம் ரகசியம் புரிகிறது. சத்தத்தை சத்தத்தால் அடக்க முடியாது. குரலைத் தாழ்த்தி, ஏதோ பரம ரகசியம் சொல்வது போல முன் பெஞ்சிடம் பேசத் தொடங்கினால், பின் பெஞ்சு தானாக வாயை மூடிக்கொண்டு காதை நீட்டும். வீட்டில் அம்மாவும் பாட்டியும் குசுகுசு என்று பேசினால் தூங்குகிற பிள்ளைகூட விழித்துக் கொள்கிறதே, அதே தத்துவம்!

நாற்காலியில் உட்கார்ந்தால் தெரியாதது

வகுப்பு நமக்கு ஒரு மாதிரி தெரியும். தரையில் உட்கார்ந்த பிள்ளைக்கு வேறு மாதிரி தெரியும். கரும்பலகை எட்டாத உயரம். டீச்சரின் முகத்தைவிட முழங்கால்தான் அதிகம் கண்ணில் படுகிறது.

இதைக் கண்டு சொன்னவர்களில் ஒருவர் இத்தாலியின் மரியா மாண்டிசோரி அம்மையார். பிள்ளையின் அளவுக்கு நாற்காலி, பிள்ளையின் கைக்கு எட்டும் அலமாரி என்று பள்ளியையே குள்ளமாக்கியவர். 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்தவர், உலகப் போரினால் 1946 வரை இந்தியாவிலேயே தங்கி, ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டுத்தான் போனார்.

பிற்பாடு தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தபோது இதே போன்ற ஏற்பாட்டைப் பார்க்க முடிந்தது. 2003-ல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கி, பின்னர் மாநிலம் முழுதும் பரவிய முறை அது. பிள்ளைகள் வட்டமாகத் தரையில்; டீச்சரும் தரையில்; சுவரில் தாழ்ந்த உயரத்தில் பிள்ளைகளுக்கென்றே கரும்பலகை. பயிற்சி ஆசிரியைகளுக்கு முதலில் முட்டி வலிக்கும். பிறகு பிள்ளையின் கண்ணுக்கு நேராகக் கண் வரும்போது, பாதி அழுகை பேசாமலே நின்று விடுவதைப் பார்த்து வலி மறந்து போகும்.

உரலா, ஸ்டூலா?

தமிழ் வகுப்பில்தான் அசல் வேடிக்கை. மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளிகள் நடத்துகிறது. அவற்றில் தமிழும் ஒன்று. அந்த வகுப்புகளில் உட்காரும் பிள்ளைகளுக்கு ஊர் நெல்லைச் சீமையாக இருக்கும். பிறந்து வளர்ந்தது தாராவிச் சந்தாக இருக்கும்.

பயிற்சி ஆசிரியை இரவெல்லாம் கண் விழித்துப் படம் வரைந்து வருகிறார். "இது என்ன?" என்று உரல் படத்தைக் காட்டுகிறார். "ஸ்டூல்!" என்று வகுப்பு அதிர்கிறது. பத்துக்குப் பத்து வீட்டில் மிக்சிக்கே இடம் இல்லை. உரலை எங்கே கண்டது அந்தப் பிள்ளை? ஏர் படத்துக்கும் இதே கதிதான். ஔவையார் படத்தைக் காட்டினால் "பாட்டி!" என்ற பதில். தப்பு என்று எப்படிச் சொல்வது? பாட்டிதானே!

மறுநாள் ஆசிரியை புத்திசாலியாகி விடுகிறார். "இ" என்றால் இட்லி. "த" என்றால் தண்டவாளம். "ர" என்றால் ரயில். பிள்ளைகள் பார்த்தது, தொட்டது, தின்றது எல்லாம் பலகைக்கு வருகின்றன. எழுத்தும் கூடவே வருகிறது. உரலும் ஏரும் தெரிய வேண்டாமா என்றால், தெரிய வேண்டும்தான். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போக வேண்டும் என்று பாடப் புத்தகத்தில் ஒரு வரியில் எழுதியிருப்பது இதைத்தான். அந்த ஒரு வரியை விளக்க ஒரு ஸ்டூல் தேவைப்பட்டது!

மராத்திப் பள்ளிக்குப் பயிற்சிக்குப் போகும் தமிழ்ப் பெண்களுக்கு வேறொரு அதிர்ச்சி காத்திருக்கும். உள்ளே நுழைந்ததும் பிள்ளைகள் "பாயி, பாயி" என்று ஓடி வருவார்கள். மராத்தியில் பெண் ஆசிரியையை மரியாதையாக அழைக்கும் சொல் அது. தமிழ்க் காதுக்கோ படுக்கிற பாய்தான் நினைவுக்கு வரும். நாலு நாளில் பழகி, "பாயி" என்று கூப்பிடாவிட்டால் கோபம் வருகிற நிலைக்கு வந்து விடுவார்கள்.

இருபத்தேழு எப்படி எழுபத்திரண்டு ஆயிற்று?

பிள்ளை தப்பாக எழுதினால் சிவப்பு மையால் ஒரு பெருக்கல் குறி. நாம் படித்த காலத்தில் அதோடு கதை முடிந்தது. தப்பு எங்கிருந்து வந்தது என்று துப்பறியச் சொல்கிறது இன்றைய பயிற்சி.

"நூற்றைந்து எழுது" என்றால் ஒரு பிள்ளை 1005 என்று எழுதும். முட்டாள்தனமா? இல்லவே இல்லை. நூறு என்றால் 100. ஐந்து என்றால் 5. காதில் விழுந்ததை அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டது. இடமதிப்பு என்கிற ஒரு படி மட்டும்தான் பாக்கி.

மராத்தி வழியில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைக்கு இன்னொரு சங்கடம். நாம் இருபத்தேழு என்கிறோம்: முதலில் இருபது, பிறகு ஏழு. எழுதுவதும் அதே வரிசை. மராத்தியில் அது சத்தாவீஸ்: முதலில் ஏழு, பிறகு இருபது. இந்தியிலும் அப்படித்தான். காதில் ஏழு முதலில் விழுவதால் பிள்ளை 7 போட்டுவிட்டுப் பிறகு 2 போடுகிறது. இருபத்தேழு எழுபத்திரண்டாகி விடுகிறது! கணக்கில் மக்கு என்று பெயர் வாங்குவது பிள்ளை. உண்மையில் நடந்தது இரண்டு மொழிகளின் மோதல். வீட்டில் தமிழும் பள்ளியில் மராத்தியும் எண்ணுகிற பிள்ளைகளின் பெற்றோர் இதைக் கொஞ்சம் மனதில் வைக்க வேண்டும்.

"இது பள்ளிக்கூடக் கணக்கு, டீச்சர்!"

கழித்தல் கணக்கில் பயிற்சி ஆசிரியைகள் அடிக்கடி சந்திக்கும் ஒரு பையன் உண்டு. அம்மா இட்லி வியாபாரம். காலையில் அம்மாவோடு பாத்திரம் தூக்கிவிட்டு வருவான். பலகையில் 200-லிருந்து 140-ஐக் கழிக்கச் சொன்னால், பளிச்சென்று 140 என்று எழுதி வைப்பான். பூஜ்யத்தில் பூஜ்யம் போனால் பூஜ்யம். பூஜ்யத்துக்கும் நாலுக்கும் நாலு. இரண்டில் ஒன்று போனால் ஒன்று. கடன் வாங்குகிற தொல்லையே இல்லை!

"சரி, ஒருத்தர் நூற்று நாற்பது ரூபாய்க்கு இட்லி வாங்கிட்டு இருநூறு ரூபாய் தர்றாரு. மீதி எவ்வளவு கொடுப்பே?" என்று கேட்டால் கண் சிமிட்டும் நேரத்தில் "அறுபது!" என்பான்.

"அப்ப இங்கே ஏன் நூற்று நாற்பதுன்னு எழுதினே?"

"அது வியாபாரம். இது பள்ளிக்கூடக் கணக்கு, டீச்சர்!"

சிரிப்பு வருகிறது. ஆனால் உலகம் முழுதும் அறிஞர்கள் யோசித்த விஷயம் இது. பிரேசில் நாட்டு ரெசிபே நகரில் சந்தையில் பொருள் விற்ற ஐந்து சிறுவர்களைச் சோதித்து, 1985-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. சந்தையில் வாய்க்கணக்காகக் கேட்டபோது நூற்றுக்கு 98 சரி. அதே மாதிரிக் கணக்கை எண்களாகக் கொடுத்துத் தீர்க்கச் சொன்னபோது நூற்றுக்கு 37-தான் சரி. நம் நாட்டில் டெல்லியிலும் கொல்கத்தாவிலும் சந்தையில் வேலை செய்யும் பிள்ளைகளை வைத்து, நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ உள்ளிட்டோர் நடத்திய ஆய்வு 2025-ல் வெளிவந்தது. அதுவும் இதையே சொன்னது. கூடவே இன்னொன்றையும் சொன்னது: பள்ளிக்கணக்கில் பழகிய பிள்ளைகள் சந்தைக் கணக்கில் திணறினார்கள்!

ஆக, பையனுக்குக் கணக்கு வராமல் இல்லை. தெருவுக்கும் பள்ளிக்கும் நடுவில் பாலம்தான் இல்லை. அந்தப் பாலத்தைப் போடுவதுதான் தொடக்கப் பள்ளி ஆசிரியரின் வேலை. போடாவிட்டால், இரண்டு வருஷத்தில் அவன் பாத்திரத்தோடு நின்று விடுவான்.

"கண்ணை மட்டும் விட்டுடுங்க!"

பயிற்சி ஆசிரியைகளை அதிகம் திகைக்க வைப்பது பிள்ளைகள் அல்ல, பெற்றோர். "கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க டீச்சர், நான் ஏன்னு கேக்க மாட்டேன்!" என்று பிள்ளையின் எதிரிலேயே சொல்லிவிட்டுப் போகிறார்கள். அடியாத மாடு படியாது என்பது நம்மவர்களின் வேதம்.

சட்டம் வேறு சொல்கிறது. 2009-ல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு, பிள்ளையை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடை செய்கிறது. அதே சட்டம் தொடக்க வகுப்புகளில் முப்பது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் இருக்க வேண்டும் என்கிறது.

பிரம்பு இல்லாமல் சமாளிக்கக் கற்பதுதான் பயிற்சியின் கடினமான பாடம். சேட்டைக்காரனுக்கு ஒரு வேலை கொடு என்பது இதில் பழைய மருந்து. நோட்டுகளை அடுக்கி வைப்பவன், தண்ணீர்ப் பானைக்குப் பொறுப்பாளி, சாக்பீஸ் மந்திரி என்று பதவி கொடுத்தால், நேற்றைய போக்கிரி இன்றைய போலீஸ்காரனாகி விடுவான். பெரியவர்கள் உலகத்திலும் இது செல்லுபடியாகிறது என்பது அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும்.

சென்னைத் திண்ணை சொன்ன பாடம்

ஒரு பிள்ளைக்கு ஆசிரியர் பத்துத் தடவை சொல்லியும் ஏறாதது, பக்கத்துப் பிள்ளை ஒரு தடவை சொன்னதும் ஏறுகிறது. பயிற்சி ஆசிரியைகளின் கர்வம் அடங்கும் இடம் இது.

இதிலே நமக்கு ஒரு பெருமையும் உண்டு. ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789 முதல் சென்னை எழும்பூரில் ஓர் ஆதரவற்ற ஆண் பிள்ளைகள் பள்ளியை நடத்தினார். உள்ளூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். தம் பள்ளியிலும் மணலைக் கொண்டு வந்தார். பெரிய பையனைக் கொண்டு சின்னப் பையனுக்குச் சொல்லித் தர வைத்தார். நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளை ஏற்பாடுதான்! ஊர் திரும்பி 1797-ல் இதைப் பற்றிப் புத்தகம் எழுதினார். அந்த முறை "மெட்ராஸ் முறை" என்ற பெயரிலேயே இங்கிலாந்தில் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் இன்றும் "மெட்ராஸ் காலேஜ்" என்று ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. சென்னைக்கும் அந்த ஊருக்கும் உள்ள உறவு இந்த மணல்தான்.

பேசாத பிள்ளை

இத்தனை சிரிப்புக்கும் நடுவில் சிரிக்க முடியாத ஒரு பாடமும் உண்டு.

இந்தி வகுப்பிலோ மராத்தி வகுப்பிலோ கடைசி வரிசையில் ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கும். வாயைத் திறக்காது. கூப்பிட்டால் எழுந்து நிற்கும். கேள்வி கேட்டால் தரையைப் பார்க்கும். மந்தம் என்று பதிவாகி விடும். அதன் அப்பா அம்மா மூன்று மாதம் முன்புதான் ஊரிலிருந்து கட்டட வேலைக்கு வந்திருப்பார்கள். பயிற்சிக்கு வந்த தமிழ்ப் பெண் தற்செயலாகப் பக்கத்தில் உட்கார்ந்து, "என்ன கண்ணு, சாப்பிட்டியா?" என்று கேட்டு விட்டால் போதும். மடை திறந்தது போல அந்தப் பிள்ளை பேசும். ஊரில் விட்டு வந்த ஆட்டுக்குட்டியில் ஆரம்பித்து, பாட்டி வரை சொல்லி முடிக்காமல் விடாது.

மந்தமாக இருந்தது பிள்ளை அல்ல; அதனிடம் அதன் மொழியில் பேச ஆள் இல்லாததுதான் குறை. கூடுமானவரை தாய்மொழியிலேயே கற்பிக்க வேண்டும் என்று 2009-ம் ஆண்டுச் சட்டத்தின் 29-வது பிரிவு சொல்வது சும்மா அல்ல. தமிழ்ப் பெண் மராத்திப் பிள்ளைக்கு "ஜேவ்லாஸ் கா?" என்று கேட்கக் கற்றுக்கொள்வதும் இதே பாடத்தின் மறுபக்கம்தான். சாப்பிட்டாயா என்ற கேள்விக்கு எந்த மொழியிலும் பிள்ளை பதில் சொல்லி விடும்.

நம் வீட்டுப் பெண்களுக்கு

இதே மகாராஷ்டிர மண்ணில்தான், அகமத்நகரிலும் புனேயிலும் ஆசிரியர் பயிற்சி பெற்ற சாவித்திரிபாய் புலே, 1848-ல் கணவர் ஜோதிராவுடன் சேர்ந்து புனேயில் பெண் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்தார். அப்போது அவருக்கு வயது பதினேழு. பள்ளிக்குப் போகும் வழியில் அவர் மேல் சேற்றையும் சாணத்தையும் வீசினார்கள் என்றும், மாற்றுச் சேலை ஒன்றைக் கையோடு எடுத்துப் போவார் என்றும் சொல்வார்கள். இன்று பயிற்சிக்குப் போகும் பெண் மேல் யாரும் சேறு வீசுவதில்லை. "இதுக்கு எதுக்கு ரெண்டு வருஷம்?" என்ற கேள்வியை மட்டும் வீசுகிறார்கள்.

வேலை நிலவரத்தையும் மறைக்க வேண்டாம். பட்டயம் வாங்கினால் மட்டும் போதாது. ஆசிரியர் தகுதித் தேர்வும் எழுத வேண்டும். 150 நிமிஷம், 150 கேள்விகள். பொதுப் பிரிவினர் தேற 90 மதிப்பெண் வேண்டும். மத்திய அரசின் தேர்வில் தமிழையும் மொழிப்பாடமாக எடுக்கலாம். தேறிய சான்றிதழ் வாழ்நாள் முழுதும் செல்லும் என்று 2021-ல் அறிவித்து விட்டார்கள். பணியில் இருப்பவர்களில் ஓய்வு பெற ஐந்தாண்டுக்கு மேல் உள்ளவர்களும் இந்தத் தேர்வில் தேற வேண்டும் என்று 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2030-க்குள் நான்காண்டு பி.எட். படிப்பே குறைந்தபட்சத் தகுதியாகும் என்கிறது 2020-ம் ஆண்டுக் கல்விக் கொள்கை. ஆகவே சேருமுன் விசாரித்துச் சேர வேண்டும். அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்துப் பணம் கட்ட வேண்டும்.

ஆனால் ஒன்று. நம் பிள்ளைகள் படிக்கும் வகுப்புக்கு, நம் தெருவையும் நம் பேச்சையும் நம் வீட்டுக் கஷ்டத்தையும் அறிந்த ஆசிரியர்கள் தேவை. அவர்கள் எங்கிருந்தோ வரமாட்டார்கள். நம் வீடுகளிலிருந்துதான் போக வேண்டும்.

அதுவரை பெற்றோர் செய்யக் கூடியது ஒன்று உண்டு. பிள்ளையின் வகுப்புக்குப் புதிதாக ஒரு பயிற்சி டீச்சர் வந்திருந்தால், "இவங்க பழகத்தானே வந்திருக்காங்க" என்று அலட்சியமாக இருக்க வேண்டாம். பாடக் குறிப்பேட்டோடும் கம்மிய தொண்டையோடும் அந்தப் பெண் கற்றுக்கொள்வதெல்லாம் நம் பிள்ளையிடமிருந்துதான். இரவு ஷிப்ட் முடிந்து வந்தாலும் சரி, கடைசி லோக்கல் பிடித்து வந்தாலும் சரி, பிள்ளை கண்ணில் படுகிற நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்:

"இன்னைக்கு டீச்சருக்கு என்ன சொல்லிக் கொடுத்தே?"

பதில் நீளமாக வரும். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.